மொரீசியஸில் மதங்கொண்ட ரூசா மான்களைப் படமெடுப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மே மாதம் பாதி கடந்து தென்கிழக்குக் காற்று வலுக்கத் தொடங்கியதும், கேமரா வைத்திருக்கும் நம் தமிழ் நண்பர்கள் மான்களைப் பற்றி விசாரிக்க ஆரம்பித்துவிடுவார்கள். ஜூலை, ஆகஸ்டில் வாருங்கள், இணைசேரும் பருவத்தில் ஆண் மான்கள் மதங்கொண்டு திரிவது அப்போதுதான் என்று அவர்களிடம் சொல்வேன். புதிதாகக் கேமரா வாங்கிய பிள்ளைகளும் கேட்கிறார்கள், பல ஆண்டுகளாகப் பறவைகளை மட்டுமே எடுத்துவந்தவர்களும் கேட்கிறார்கள். கேள்விகள் பெரும்பாலும் ஒன்றுபோலவே இருப்பதால் விடைகளை ஒரே இடத்தில் எழுதிவைக்கிறேன்.

மொரீசியஸில் இருப்பது என்ன மான்? தமிழ்நாட்டுப் புள்ளிமானா?

இல்லை. இது ஜாவாவைத் தாயகமாகக் கொண்ட ரூசா மான். தமிழகக் காடுகளில் கடமான், மிளா என்றெல்லாம் அழைக்கப்படும் பெரிய மானுக்கு நெருங்கிய உறவு. உருவத்தில் அதைவிடச் சிறியது. உடலில் புள்ளி கிடையாது, பிறந்த குட்டிக்கும் கிடையாது. சாம்பல் கலந்த பழுப்பு நிறம், சொரசொரப்பான ரோமம், தொண்டைப் பக்கம் சற்று வெளிறியிருக்கும். ஆணுக்கு மட்டுமே கொம்பு உண்டு. முழுதாக வளர்ந்த கொம்பில் பக்கத்துக்கு மூன்று முனைகள் இருக்கும்.

1639-ஆம் ஆண்டில் டச்சு ஆளுநர் அட்ரியான் வான் டெர் ஸ்டெல் இவற்றை ஜாவாவிலிருந்து கொண்டுவந்து இத்தீவில் விட்டார். கரும்பும் அவர் காலத்தில் அங்கிருந்தே வந்தது. டச்சுக்காரர்கள் 1710-இல் தீவைக் கைவிட்டுச் சென்றார்கள், மான்கள் தங்கிவிட்டன. புதுச்சேரிப் பக்கத்திலிருந்து நம் முன்னோர்களில் முதலாமவர்கள் பிரெஞ்சுக் கப்பல்களில் வந்து இறங்கியபோது, மான்கள் இங்கே ஏறக்குறைய நூறு ஆண்டுகளாகப் பெருகிக்கொண்டிருந்தன.

மான்கள் இணைசேர்வது இலையுதிர்காலத்தில் அல்லவா? நீங்கள் ஏன் ஜூலை, ஆகஸ்ட் என்கிறீர்கள்?

இணையத்தில் கிடைக்கும் வழிகாட்டிகள் பெரும்பாலும் ஐரோப்பியச் செம்மானைப் பற்றியவை. அதன் பருவம் செப்டம்பர் பிற்பகுதியும் அக்டோபரும். அதே செம்மான் நியூசிலாந்துக்குக் கொண்டுபோகப்பட்ட பிறகு, அங்கே இலையுதிர்காலமான மார்ச், ஏப்ரலில் இணைசேர்கிறது. நம் ரூசா மானுக்கு உச்சம் ஜூலை முதல் செப்டம்பர் வரை, அதாவது நமது குளிர்காலத்தில். சினைக்காலம் ஏறக்குறைய எட்டு மாதம். ஆகவே, மழை பெய்து புல் தழைத்திருக்கும் மார்ச், ஏப்ரல், மே மாதங்களில் பெரும்பாலான குட்டிகள் பிறக்கின்றன.

ஆனாலும் நமது இலையுதிர்காலமான ஏப்ரலையும் மே மாதத்தையும் விட்டுவிடாதீர்கள். கொம்பை மூடியிருந்த மென்தோல் காய்ந்து உரியும் நேரம் அது. ஆண் மான் அந்தத் தோலைச் சிறு மரங்களிலும் புதர்களிலும் தேய்த்துக் கழற்றும். தோல் கிழிந்து தொங்கும் கொம்போடு கிடைக்கும் படத்தை ஆகஸ்டில் எத்தனை நாள் காத்திருந்தாலும் எடுக்க முடியாது. பட்டை உரிந்த மரங்கள் எங்கெங்கே நிற்கின்றன என்று அப்போதே குறித்து வைத்துக்கொண்டால், ஜூலையில் எந்தப் பகுதியில் காத்திருப்பது என்ற கேள்விக்கும் பாதி விடை கிடைத்துவிடும்.

ஆண் மானுக்கு மதம் ஏறிவிட்டது என்பதை எப்படி அறிவது?

முதலில் கழுத்தைப் பாருங்கள். பருவம் நெருங்க நெருங்கக் கழுத்து தடித்து, பிடரியிலும் தொண்டையிலும் ரோமம் நீண்டு அடர்ந்துவிடும். அடுத்து நிறம். சேற்றுக் குட்டையில் சிறுநீர் கழித்து, அதிலேயே புரண்டு எழுவதால் வயிறும் தொடையும் கருத்துப்போகும். அந்த வாடை காற்று வாக்கில் வெகுதூரம் வரும். பல நாட்களில் மானைக் காண்பதற்கு முன்பே நம் மூக்கு அதைக் கண்டுபிடித்துவிடும்.

கண்ணுக்குக் கீழே மூக்கை ஒட்டி ஒரு சுரப்பி இருக்கிறது. சாதாரண நேரத்தில் அது ஒரு கோடு போலத் தெரியும். போட்டியாளர் எதிரே வந்தாலோ, பருவத்துக்கு வந்த பெண் மான் அருகில் நின்றாலோ அது அகலத் திறந்துகொள்ளும். முகத்தை நெருக்கமாக எடுக்கும் படத்தில் இந்தச் சுரப்பி திறந்திருக்கிறதா மூடியிருக்கிறதா என்பதே மானின் மனநிலையைச் சொல்லிவிடும். பெண் மானின் சிறுநீரை முகர்ந்துவிட்டு மேலுதட்டைச் சுருட்டித் தலையை உயர்த்தி நிற்பது இன்னொரு அடையாளம். சில நொடிகள் அப்படியே நிற்கும் என்பதால் படமெடுக்க நல்ல வாய்ப்பு.

இவை எல்லாவற்றையும்விட எனக்குப் பிடித்தது கொம்பு அலங்காரம்தான். ரூசா ஆண் மான் தரையைக் கொம்பால் குத்திக் கிளறி, புல்லையும் கொடியையும் சுள்ளியையும் கொம்பில் அள்ளிச் சுற்றிக்கொண்டு நடக்கும். வலிமை மிகுந்த ஆண்கள் பெரிய கட்டாகவே சுமந்து வருவதுண்டு. அதைத் தலையில் ஏந்திக்கொண்டு எதிரியின் முன்னே குறுக்காக, மெதுவாக நடந்துபோகும் காட்சியை ஒருமுறை பார்த்தவர்கள் அடுத்த ஆண்டும் காத்திருப்பார்கள். ஐரோப்பியப் படங்களில் மானின் மூச்சு வெண்புகையாகக் கிளம்புவதைப் பார்த்து ஏங்குகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: நமது மேற்குச் சரிவில் அந்த அளவுக்குக் குளிர் இல்லை. ஆனால் நம்மிடம் புல் முடி சூடிய மான் இருக்கிறது. அதைத் தேடுங்கள்.

எங்கே போனால் பார்க்கலாம்?

இத்தீவில் மூன்று வகையாக மான்கள் வாழ்கின்றன. பண்ணைகளில் வேலிக்குள் இறைச்சிக்காக வளர்க்கப்படுபவை ஒரு வகை. 'ஷாஸே' என்று எல்லோரும் சொல்லும் பரந்த வேட்டை நிலங்களில் சுற்றித் திரிபவை மற்றொரு வகை. பிளாக் ரிவர் கோர்ஜஸ் தேசியப் பூங்கா போன்ற காடுகளில் யாருடைய கவனிப்பும் இல்லாமல் வாழ்பவை மூன்றாவது வகை.

தேசியப் பூங்காவுக்கு யாரும் போகலாம். 1994-இல் உருவான பூங்கா அது. பெத்ரேன் பக்கமிருந்து மக்காபே காட்டுக்குச் செல்லும் பாதையிலும், ப்ளேன் ஷாம்பாஞ் மேட்டுநிலத்திலும் அதிகாலையில் மான் தென்படும். ஆனால் அங்குள்ள காடு அடர்த்தியானது; சீனக் கொய்யாப் புதர் மண்டிக் கிடக்கிறது; மானும் மிகுந்த கூச்சம் கொண்டது. பெரும்பாலும் ஒரு காதையோ பின்பக்கத்தையோதான் காண்பீர்கள். கொய்யா பழுக்கும் மாதங்களில் பழம் பறிக்க வரும் கூட்டத்தால் வார இறுதியில் மேட்டுநிலம் முழுவதும் பேச்சுச் சத்தமாக இருக்கும். வார நாளில் போங்கள்.

இணைசேரும் பருவத்தின் முழு நாடகத்தையும் பார்க்க வேண்டுமென்றால் திறந்த புல்வெளி வேண்டும். அது மேற்கில், தமரேன், பிளாக் ரிவர் பக்கமாக, மழை மறைவுச் சரிவுகளில் இருக்கிறது. காய்ந்த பொன்னிறப் புல், ஆங்காங்கே முள்மரம், பின்னால் ராம்பார் மலை என்று அழகான நிலம். ஆனால் பெரும்பகுதி தனியார் நிலம் அல்லது அரசிடமிருந்து குத்தகைக்கு எடுக்கப்பட்ட வேட்டை நிலம். அனுமதியில்லாமல் கம்பி வேலியைத் தாண்டக் கூடாது. தென்கிழக்கில் ஃபெர்னி பள்ளத்தாக்கு, தெற்கே பெல் ஓம்ப்ர் ஆகிய இடங்களில் கட்டணம் செலுத்தி வழிகாட்டியோடு போகும் வசதி இருக்கிறது. முதல் முறை போகிறவர்கள் அப்படித் தொடங்குவதே நல்லது.

தனியார் நிலத்துக்கு அனுமதி எப்படிக் கேட்பது?

நேரில் போய்க் கேளுங்கள். நிலத்தின் மேலாளரையும் காவலரையும் பருவம் தொடங்குவதற்கு முன்பே, ஏப்ரல் அல்லது மே மாதத்தில், பகல் நேரத்தில் சந்தியுங்கள். க்ரியோலில் பேசுங்கள், என்ன எடுக்கப் போகிறீர்கள், எந்த வழியாக நடப்பீர்கள், எப்போது திரும்புவீர்கள் என்று தெளிவாகச் சொல்லுங்கள். முந்தைய ஆண்டு எடுத்த படம் ஒன்றைச் சட்டமிட்டுக் காவலருக்குக் கொடுங்கள். எந்த ஆண் எந்த ஓடைக்கு வருகிறது, எது போன வாரம் தோற்று விலகியது என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். இத்தீவில் மான்களை அறிந்தவர்கள் யார் என்று கேட்டால் என் விடை அந்தக் காவலர்கள்தான். படத்துக்குக் கீழே நம் பெயரைப் போடும்போது அவர்களுக்கும் நன்றி சொல்ல வேண்டும்.

வேட்டைக் காலமும் இதே மாதங்கள்தானே? ஆபத்தில்லையா?

ஆம், அதே மாதங்கள்தான். மான் வேட்டை வழக்கமாக ஜூன் முதல் செப்டம்பர் வரை நடக்கிறது. இங்கே வேட்டை நடக்கும் முறை தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். வேட்டைக்காரர்கள் மிராதோர் எனப்படும் உயரமான பரண்களில் துப்பாக்கியோடு அமர்ந்திருப்பார்கள். ஆட்களும் நாய்களும் புதரைக் கலைத்து மான்களை அந்தப் பக்கமாக விரட்டுவார்கள். புதருக்குள் பச்சை உடையில் அசையாமல் படுத்திருக்கும் ஒரு புகைப்படக்காரர் பரணிலிருந்து யார் கண்ணுக்கும் தெரிய மாட்டார்.

எனவே இதில் விட்டுக்கொடுக்கவே முடியாத விதிகள் உண்டு. எந்த நாளில் எந்தப் பகுதியில் வேட்டை என்று காவலரிடம் முந்தின நாளே கேட்டு உறுதிசெய்யுங்கள். வேட்டை நாளில் அந்த நிலத்திலும், அதை ஒட்டிய நிலத்திலும் கால் வைக்காதீர்கள். மற்ற நாட்களிலும் நடந்துபோகும்போதும் திரும்பும்போதும் ஒளிரும் ஆரஞ்சு நிற மேலங்கியை அணியுங்கள். மான்களின் கண்ணுக்கு ஆரஞ்சும் சிவப்பும் நமக்குத் தெரிவதுபோல் பளிச்சென்று தெரிவதில்லை. மனிதர்களுக்கோ தூரத்திலிருந்தே தெரியும். மறைவிடத்தில் உட்கார்ந்த பிறகும் அதைக் கழற்ற வேண்டியதில்லை. அசையாமல் இருந்தால் போதும். மறைப்பு உடை இல்லாமல் படம் வராது என்பவர்களோடு நான் உடன்படவில்லை.

வேட்டை நடந்த மறுநாளும் அதற்கடுத்த நாளும் மான்கள் மிரண்டே இருக்கும். அவற்றை அப்போது விட்டுவிடுங்கள்.

எவ்வளவு நெருங்கலாம்?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு விடையைப் படித்துவிட்டுப் போவதாக இருந்தால் இதைப் படியுங்கள்.

மதங்கொண்ட ஆண் மான் சரியாக மேய்வதில்லை. பெண் மான்களைச் சுற்றிச் சுற்றி வருவதிலும், போட்டியாளரை விரட்டுவதிலும், கத்துவதிலும் அதன் நாள் கழிகிறது. உடம்பில் சேர்த்து வைத்திருந்த கொழுப்பைக் கரைத்துத்தான் அந்த வாரங்களைக் கடக்கிறது. அதே நேரத்தில் மேற்குச் சரிவில் மழையில்லாமல் புல் காய்ந்து சத்திழந்து கிடக்கிறது. இப்படிப்பட்ட நேரத்தில் நம்மால் அது ஓட நேர்ந்தால், ஓடிய தூரத்துக்கு மட்டுமல்ல, அது விட்டுவிட்டுப் போன இடத்துக்கும் சேர்த்து விலை கொடுக்கிறது. அந்த இடைவெளியில் இன்னோர் ஆண் உள்ளே புகுந்துவிட்டால் மறுபடியும் ஒரு சண்டை. பெண் மான்கள் ஓடினால், அவற்றோடு இருக்கும் சில மாதக் குட்டிகளும் ஓட வேண்டும்.

ஆகவே நெருங்குவது என்ற எண்ணத்தையே விட்டுவிடுங்கள். மான் வரக்கூடிய இடத்தில் முன்கூட்டியே போய் உட்காருங்கள். வருவதும் வராததும் அதன் விருப்பம். திறந்த வெளியில் 100 மீட்டருக்குக் குறையாத தூரத்தை நான் வைத்துக்கொள்கிறேன். அதுவே நடந்து நெருங்கி வந்தால் வரட்டும். அசையாமல் இருங்கள்.

தூரத்தைவிட மானின் உடல்மொழியே சரியான அளவுகோல். மேய்ந்துகொண்டிருந்தது தலையைத் தூக்கி, இரண்டு காதுகளையும் உங்கள் பக்கம் திருப்பினால், நீங்கள் செய்துகொண்டிருப்பதை நிறுத்துங்கள். முன்காலால் தரையைத் தட்டினால், பார்வையைத் தாழ்த்திப் பின்வாங்கத் தயாராகுங்கள். கூர்மையாக, உரக்க ஒருமுறை குரைத்தால் எல்லாம் முடிந்தது. கூட்டம் முழுவதும் அறிந்துவிட்டது. அன்றைக்கு அந்த இடத்தை விட்டுக் கிளம்பிவிடுங்கள். மிரண்ட கண்ணோடு கேமராவை நோக்கும் மானின் படம் எவ்வளவு கூர்மையாக அமைந்திருந்தாலும், அது மானைப் பற்றிய படம் அல்ல. நம்மைக் கண்டு அது பயந்ததைப் பற்றிய படம்.

ஆண் மான் மனிதரைத் தாக்குமா?

வழி இருந்தால் விலகி ஓடிவிடும். ஆனால் மதங்கொண்டதன் வழியை மறிக்கக் கூடாது. கூட்டத்துக்கும் ஆணுக்கும் இடையில், அல்லது சண்டையிடும் இரு ஆண்களுக்கு அருகில் போகக் கூடாது. மனிதரிடம் பழகிய பண்ணை மான் காட்டு மானைவிட ஆபத்தானது. அதற்கு நம்மிடம் பயமில்லை.

காற்றையும் வெளிச்சத்தையும் எப்படிக் கணக்கிடுவது?

மானுக்கு மூக்குதான் முதல் காவல். குளிர்காலத்தில் நம் தீவில் காற்று பெரும்பாலும் தென்கிழக்கிலிருந்து வீசுகிறது. எனவே நம் வாடை மானை எட்டாமலிருக்க, மான்கள் மேயும் இடத்துக்கு வடமேற்கில் நாம் உட்கார வேண்டும். நம் கேமரா தென்கிழக்கைப் பார்க்க வேண்டும்.

இப்போது சூரியனைச் சேர்த்துப் பாருங்கள். நாம் தெற்கு அரைக்கோளத்தில் இருப்பதால் ஜூலையில் சூரியன் வடகிழக்கு ஓரமாக எழுந்து வடமேற்கு ஓரமாக விழுகிறது. மேலே சொன்ன இடத்தில் உட்கார்ந்தால் காலை வெளிச்சம் நம் இடது பக்கமிருந்து மானின் மேல் சாய்வாக விழும். பிடரி ரோமம், கொம்பின் முண்டு முடிச்சுகள், உடம்பில் காய்ந்த சேறு எல்லாம் தனித்தனியாகத் தெரியும். மாலையில் அதே இடத்தில் சூரியன் நம் முதுகுக்குப் பின்னால் வந்துவிடும். நிறம் நன்றாக வரும், ஆனால் உருவம் சற்றுத் தட்டையாகத் தெரியும். அதனால்தான் காலைக்கு என் வாக்கு.

எதிர்வெளிச்சத்தில் ரோமத்தைச் சுற்றி ஒளிக்கோடு வரும்படி எடுக்க விரும்புகிறவர்கள் அதிகாலையில் பள்ளத்தாக்குகளைத் தேடுங்கள். அங்கே விடியற்காலையில் குளிர்ந்த காற்று சரிவில் மேலிருந்து கீழே இறங்கிக்கொண்டிருக்கும். மானுக்குக் கீழ்ப்பக்கமாக, சூரியன் எழும் திசையைப் பார்த்தபடி உட்காரலாம். வெயில் ஏறிச் சரிவு சூடானதும் காற்று திரும்பிக் கீழிருந்து மேலே வீசத் தொடங்கும். அந்த மாற்றம் வருவதற்குள் எழுந்துவிட வேண்டும். டிரைபாட் காலில் ஒரு பஞ்சு இழையைக் கட்டிவிட்டால் காற்று மாறுவது உடனே தெரியும்.

ஜூலையில் சூரியன் காலை 6.45 மணியளவில் எழுந்து மாலை 5.45 மணியளவில் மறைகிறது. காலையில் உட்கார வேண்டிய இடத்துக்கு 6 மணிக்கு முன்பே போய்விடுங்கள். 9 மணிக்கு மேல் மான்கள் நிழலுக்குள் போய்ப் படுத்து அசைபோடும்.

எந்த லென்ஸ் வேண்டும்?

400 மில்லிமீட்டர் வரை போகும் லென்ஸ் இருந்தால் தொடங்கலாம். 150–600 ஜூம் லென்ஸ்கள் இந்த வேலைக்கு மிகவும் பொருத்தமானவை. சிறிய சென்சார் உள்ள கேமராவில் 400 மில்லிமீட்டர் லென்ஸ், முழுச் சட்டகக் கேமராவின் 600 மில்லிமீட்டர் அளவுக்குக் காட்சியை நெருக்கிக் காட்டும். எனவே விலை குறைந்த கேமரா வைத்திருப்பவர்கள் இதில் பின்தங்கியவர்கள் அல்லர்.

தாங்குவதற்கு டிரைபாட் நல்லது. அதைவிட எளிது ஒரு துணிப்பை நிறையப் பயறு. பாறையின் மேலோ வண்டியின் ஜன்னலிலோ வைத்து லென்ஸை அதன்மேல் கிடத்தினால் ஆடாது, சத்தமும் வராது. காட்டில் பயறு சிந்தாதபடி பையை இறுக்கமாகத் தையுங்கள்.

70–200 லென்ஸை வீட்டில் விட்டுவிட்டு வராதீர்கள். மான் சிறியதாகவும் ராம்பார் மலை பெரியதாகவும் தெரியும் படம், முகத்தை மட்டும் நிறைக்கும் படத்தைவிட இந்த ஊரைப் பற்றி நிறையச் சொல்லும். கொம்பு மட்டும் நிறைந்த படத்தைப் பார்த்தால் அது ஜாவாவா, நியூ கலிடோனியாவா, மொரீசியஸா என்று யாராலும் சொல்ல முடியாது.

கேமராவில் அமைப்புகள் எப்படி இருக்க வேண்டும்?

விடியற்காலையில் நிற்கும் மானுக்கு நொடியில் 250-இல் ஒரு பங்கு ஷட்டர் வேகம் போதும். நல்ல தாங்கி இருந்தால் இன்னும் குறைக்கலாம். நடக்கும் மானுக்கு 500, ஓட்டத்துக்கும் சண்டைக்கும் 1000 அல்லது அதற்கு மேல். அபெர்ச்சரை முழுதாகத் திறந்து வையுங்கள். ஐஎஸ்ஓ 3200, 6400 என்று ஏறினால் பயப்படாதீர்கள். படத்தில் மணல்மணிபோல் வரும் புள்ளிகளைப் (நாய்ஸ்) பின்னர் குறைக்கலாம், அசைவால் கலங்கிய படத்தைத் திருத்தவே முடியாது.

வெளிச்ச அளவில் கவனம் வேண்டும். காய்ந்த புல் வெளிறியது, மான் கருமையானது. சட்டகம் முழுக்கப் புல்லாக இருந்தால் கேமரா ஏமாந்து மானைக் கறுப்பாக்கிவிடும். அப்போது வெளிச்ச அளவை (எக்ஸ்போஷர்) அரைப் படி (ஸ்டாப்) கூட்டுங்கள். பின்னணி இருண்ட காடாக இருந்து மான்மேல் மட்டும் வெயில் விழுந்தால் அரைப் படி முதல் ஒரு படி வரை குறையுங்கள். ஃபோகஸ் எப்போதும் அருகில் இருக்கும் கண்ணில். கொம்பில் புல் தொங்கும்போது ஆட்டோஃபோகஸ் அந்தப் புல்லையே பிடித்துக்கொள்ளும். கண்ணைக் கண்டறியும் வசதி மானிடம் சரியாக வேலை செய்யாத கேமராவில் ஒற்றைப் புள்ளியைப் பயன்படுத்துங்கள். ஃப்ளாஷ் வேண்டவே வேண்டாம்.

சண்டையைப் படமெடுக்க என்ன வழி?

பலரும் சண்டைக்காகவே வருகிறார்கள். உண்மையான சண்டை அரிது. நடந்தாலும் பெரும்பாலும் விரைவில் முடிந்துவிடும். அதற்கு முன்னால் நடப்பதுதான் நீளமானது. இரண்டு ஆண்கள் ஒன்றுக்கொன்று இணையாக, பக்கவாட்டைக் காட்டிக்கொண்டு விறைப்பாக நடக்கும். ஒன்று புதரைக் குத்திக் கிளறும். மற்றொன்றும் அதையே செய்யும். இந்த நடையிலேயே ஒன்று தன் எடையையும் எதிரியின் எடையையும் கணக்கிட்டு விலகிவிடும். இணை நடை தொடங்கியதும் ஷட்டர் வேகத்தை ஏற்றிவிடுங்கள். சட்டகத்தில் இரண்டுக்கும் இடம் விட்டு, ஜூமைச் சற்றுத் தளர்த்துங்கள். கொம்புகள் மோதும் கணத்தில் உடல்கள் எந்தப் பக்கமும் சுழலலாம். நெருக்கிப் பிடித்திருந்தால் ஒன்றின் பின்கால்கள் வெட்டுப்பட்டுவிடும்.

இளம் ஆண்கள் கொம்பைக் கோத்துத் தள்ளிப் பார்ப்பது அடிக்கடி கிடைக்கும். அது பயிற்சி. அதிலும் நல்ல படங்கள் உண்டு. பதற்றமில்லாததால் நெடுநேரம் நீடிக்கும்.

தோற்ற மான் எங்கே போகிறது என்றும் பாருங்கள். வாய் திறந்து மூச்சிரைக்க, கொம்பில் சுற்றியிருந்த புல் சரிந்து தொங்க, தனியே நீரோடைக்குப் போகும் அந்த விலங்கை யாரும் படமெடுப்பதில்லை. எடுங்கள், தூரத்திலிருந்து. பின்தொடராதீர்கள்.

பதிவுசெய்த மான் குரலை ஒலிக்கவிட்டு வரவழைக்கலாமா? தீனி வைக்கலாமா?

இரண்டும் கூடாது. எதிரியின் குரலைக் கேட்ட ஆண், இல்லாத எதிரியைத் தேடித் தன் கூட்டத்தை விட்டு அலையும். அதன் மிச்சமிருக்கும் வலுவை நாம் திருடுகிறோம். வேட்டை நிலங்களில் நில உரிமையாளர்கள் தீவனம் வைப்பதுண்டு; அந்த இடத்தில் எடுத்த படமென்றால் அதைக் குறிப்பில் எழுதிவிடுங்கள். நீங்களாக எதையும் போடாதீர்கள்.

இரவில் விளக்கடித்து எடுக்கலாமா? டிரோன்?

இரவில் விளக்கடிப்பது திருட்டு வேட்டைக்காரர்களின் வழி. காவலர் உங்களையும் அப்படித்தான் நினைப்பார், அதில் அவர் தவறு எதுவும் இல்லை. டிரோன் சத்தம் கேட்டால் கூட்டம் முழுவதும் சிதறி ஓடும். வேண்டாம்.

வேலிக்குள் இருக்கும் மானை எடுத்து 'காட்டு மான்' என்று போடலாமா?

போடக் கூடாது. பயிற்சிக்குப் பண்ணையும் விலங்குப் பூங்காவும் நல்ல இடங்கள். ஃபோகஸ் பிடிக்கவும் நடத்தையைக் கற்கவும் அங்கே போய்ப் பழகலாம். ஆனால் எங்கே எடுத்தது என்பதைப் படத்தோடு சொல்லிவிடுங்கள். வேலிக்குள் ஓடி விலக வழியில்லாத மான் காட்டும் நடத்தையும், திறந்த நிலத்தில் காட்டும் நடத்தையும் ஒன்றல்ல. பார்ப்பவர் இரண்டையும் குழப்பிக்கொண்டால் மானைப் பற்றித் தவறாக அறிந்துகொள்கிறார்.

மான் இத்தீவுக் காட்டை அழிக்கிறது என்கிறார்கள். அதைப் போய் ஏன் அழகாகப் படமெடுக்க வேண்டும்?

கேட்க வேண்டிய கேள்வி இது. மனிதர் வருவதற்கு முன்பு இத்தீவில் வௌவால்களைத் தவிர வேறு நிலப் பாலூட்டிகளே இல்லை. கருங்காலியும் மற்ற மரங்களும் மேயும் வாயை அறியாமல் வளர்ந்தவை. மான் அவற்றின் இளங்கன்றுகளைத் தின்கிறது, பட்டையை உரிக்கிறது. காட்டுப்பன்றி வேரைக் கிளறுகிறது. குரங்கு பிஞ்சிலேயே பழத்தைப் பறித்துப்போடுகிறது. நல்ல நிலையில் எஞ்சியிருக்கும் இயற்கைக் காடு இன்று தீவின் பரப்பில் 2 விழுக்காட்டுக்கும் குறைவு. அதனால்தான் தேசியப் பூங்காவுக்குள் சில பகுதிகளுக்கு வேலியிட்டு, மானையும் பன்றியையும் வெளியே நிறுத்தி, களையை அகற்றிக் காட்டை மீட்கிறார்கள். அந்த வேலி தேவையானது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

வள்ளியை ஈன்றது ஒரு மான் என்று கேட்டு வளர்ந்தவர்கள் நாம். கோர் தெ கார்து மலையடிவாரத்து முருகன் கோயிலுக்குக் காவடி எடுக்கும் குடும்பத்தில், மானைத் தீங்கு செய்யும் விலங்கு என்று சொன்னால் பாட்டிக்கு மனம் வருந்தும். ஆனால் மான் தன் விருப்பத்தால் இங்கே வரவில்லை. கப்பலில் ஏற்றிக் கொண்டுவந்து விட்டவர்கள் மனிதர்கள். அதைத் தின்னும் புலியோ செந்நாயோ இங்கே இல்லை. எண்ணிக்கையைக் கட்டுப்படுத்துவது வேட்டையும் பண்ணையும் மட்டுமே. இவ்வளவையும் அறிந்துகொண்டே அதன் கழுத்தின் வலிமையையும் அதன் பொறுமையையும் நேசிக்க முடியும். பட்டை உரிந்த இளமரத்தையும், வேலிக்கு அந்தப் பக்கம் தழைத்த கன்றுகளையும் சேர்த்துப் படமெடுங்கள். மான் படங்களின் தொகுப்பில் அவையும் இருக்க வேண்டும்.

பிள்ளைகளை அழைத்துச் செல்லலாமா?

ஒரு மணி நேரம் பேசாமல் உட்காரக்கூடிய பிள்ளையை அழைத்துச் செல்லுங்கள். கேமராவுக்குப் பதில் தொலைநோக்கியைக் கையில் கொடுங்கள். வேட்டை நிலங்களுக்கு வேண்டாம். ஃபெர்னி போன்ற வழிகாட்டியுள்ள இடத்துக்கு அழைத்துப் போங்கள்.

குட்டி தனியாகப் படுத்திருந்தால் என்ன செய்வது?

தொடாதீர்கள், தூக்காதீர்கள். தாய் அருகிலேயே மேய்ந்துகொண்டிருக்கும். ஒரே ஒரு படம்கூட எடுக்காமல் விலகிப் போங்கள். நீங்கள் அங்கே நிற்கும் வரை தாய் திரும்பி வராது.

என்ன உடை, என்ன முன்னேற்பாடு?

மேற்கில் காலைக் குளிருக்கு ஒரு ஸ்வெட்டர் போதும். ப்ளேன் ஷாம்பாஞ் பக்கம் போனால் சாரல் எந்த நேரமும் வரும். கேமராவுக்கு மழையுறை, உங்களுக்கு மழைச்சட்டை இரண்டும் வேண்டும். மான் திரியும் புல்லில் உண்ணி இருக்கும். கால்சட்டை முனையைக் காலுறைக்குள் செருகுங்கள். வீட்டுக்கு வந்ததும் முழங்கால் மடிப்பையும் இடுப்பையும் பார்த்துவிடுங்கள். மனிதரைக் கொல்லும் நச்சுப்பாம்பு இத்தீவுக் காட்டில் இல்லை என்பதால் தரையில் படுக்க அஞ்ச வேண்டாம். சேற்றுக் குட்டைக்குள் மட்டும் இறங்காதீர்கள். அது மானுடைய இடம், நோய்க்கிருமியும் இருக்கலாம். வாசனைச் சோப்பு, தலையெண்ணெய், சென்ட் எல்லாவற்றையும் அன்றைக்குத் தவிர்த்துவிடுங்கள்.

படத்தை இணையத்தில் போடும்போது இடத்தைச் சொல்லலாமா?

மாவட்டத்தின் பெயரோடு நிறுத்திக்கொள்ளுங்கள். பெரிய கொம்புள்ள ஆண் எந்த ஓடைக்கு வருகிறது என்பது இரவில் துப்பாக்கியோடு வருகிறவனுக்கும் பயன்படும். கைப்பேசியும் சில கேமராக்களும் படத்துக்குள்ளேயே இடக்குறிப்பைப் பதிந்துவிடுகின்றன; வெளியிடுவதற்கு முன் அதை நீக்குங்கள். பின்னணியில் ஊரார் எளிதாக அடையாளம் காணும் பாறையோ பரணோ வேலிக்கம்போ இருந்தால், பருவம் முடிந்து கொம்பு உதிரும் டிசம்பர், ஜனவரி வரை அந்தப் படத்தை வெளியிடாமல் வைத்திருங்கள். நில உரிமையாளருக்கும் காவலருக்கும் மட்டும் முன்பே அனுப்பிவிடுங்கள்.